பதில்: 11 வயது மகனின் கழுத்துக் கருமை, ரத்தப் பரிசோதனை

சகோதரி, செம்பூரிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். 11 வயது மகன், உயரம் 140 செ.மீ., இடுப்பளவு 78, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 172, நல்ல கொழுப்பு 36, பிபி 128/84. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று வீட்டில் சொல்வதை நம்பலாமா என்று கேட்கிறீர்கள். நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

முதலில், கழுத்துக் கருமையைக் கடலை மாவு போட்டுத் தேய்ப்பதை நிறுத்துங்கள். என் மகளுக்கும் அப்படித்தான் தேய்த்தேன். தோல் சிவந்து அவள் அழுததுதான் மிச்சம். அது அழுக்கு இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் உடல் அதை அதிகமாகச் சுரக்கும்போது கழுத்து, அக்குள் மடிப்புகளில் தோல் தடித்துக் கறுக்கும்.

இடுப்பளவு உயரத்தில் பாதியைத் தாண்டியிருக்கிறது. 10 முதல் 16 வயதுக்குள் பெருத்த இடுப்போடு ட்ரைகிளிசரைடு 150க்கு மேல், நல்ல கொழுப்பு 40க்குக் கீழ் என்று சேர்ந்தாலே மெட்டபாலிக் சின்ட்ரோம் (பின்னால் சர்க்கரை நோய், இதய நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் கோளாறுகளின் தொகுப்பு) என்கிறது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு. அந்த பிபியும் 11 வயதுக்கு அதிகம். ஆனால் கைப் பருமனுக்கு ஏற்ற பட்டை கட்டி, வெவ்வேறு நாள்களில் மூன்று முறை பார்த்தால்தான் உறுதி. பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூட்டிக் காட்டும்.

குழந்தைகள் நல மருத்துவரிடம் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கல்லீரலுக்கான ஏஎல்டி பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இடுப்பளவு குறையட்டும் என்று பையனைப் பட்டினி போடாதீர்கள். ட்யூஷனுக்கு முன் வடாபாவோடு தினமும் ஒரு மாம்பழ ஜூஸ் பாட்டில் என்றீர்களே, அந்தப் பாட்டிலை இன்றே நிறுத்துங்கள். அப்புறம், தினமும் ஒரு மணி நேரம் ஓடியாடட்டும். மழைக்காலத்தில் நானும் மகளும் பார்க்கிங்கில் ஸ்கிப்பிங் ஆடுவோம்.