மருந்து எட்டாத நக இடுக்கு

கேள்வி: எனக்குக் கால் பெருவிரல் எலும்பில் அறுவை சிகிச்சை செய்ய நாள் குறித்திருக்கிறார்கள். நகம் வெட்டி, நகப்பூச்சை அகற்றி, குளித்துவிட்டு வர வேண்டும். ஆனால் காலில் உள்ள முடியை மழிக்கக் கூடாது என்கிறார்கள். எப்படியும் அங்கே கிருமிநாசினி தடவுவார்கள் அல்லவா, பிறகு இவ்வளவும் எதற்கு?

பதில்: தடவத்தான் செய்வார்கள். ஆனால் அந்த மருந்து தோலிலுள்ள கிருமிகளை வெகுவாகக் குறைக்குமே தவிர, தோலை முற்றிலும் கிருமியற்றதாக்கிவிடாது. மயிர்க்கால்களின் ஆழத்தில் இயல்பாகவே குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களை மேலே தடவும் மருந்து முழுமையாகச் சென்றடைவதில்லை. காலில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். நகத்தின் அடியிலும் அதை ஒட்டிய தோல் மடிப்பிலும் விரல் இடுக்கிலும் ஈரமும் அழுக்கும் தங்குவதால், மருந்து தடவிய பிறகும் அங்கே எடுத்த மாதிரிகளில் கிருமிகள் வளர்ந்ததை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஆகவே நகத்தைச் சதையில் காயம் படாமல் குட்டையாக, நேராக வெட்டுங்கள். சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு கழுவி, விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள். கூர்மையான எதையும் நகத்தடியில் விட்டுக் குடைய வேண்டாம். நகப்பூச்சு அழுக்கை மறைப்பதோடு, விரலுக்கு இரத்தம் சரியாகச் செல்கிறதா என்று நகத்தின் நிறத்தைப் பார்த்து அறிவதற்கும் தடையாகிறது.

மழிக்க வேண்டாம் என்பதை மிகவும் வலியுறுத்திச் சொல்வேன். சவரக்கத்தி கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். அவற்றில் கிருமிகள் பெருகும். முடியை அகற்றாமலே விடலாம், அவசியமானால் கிளிப்பர் கருவியால் மட்டுமே கத்தரிக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். தோலுக்கு ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியை அந்த நிறுவனம் பரிந்துரைக்கிறது. தடவியதும் அது தானாக உலர வேண்டும். ஈரம் இருக்கும்போதே, திசுவைச் சுட்டு இரத்தக்கசிவை நிறுத்தும் மின்கருவியைப் பயன்படுத்தினால் தீப்பற்றக்கூடும் என்பதால், அந்தச் சில நிமிடக் காத்திருப்பைத் தாமதம் என்று எண்ணாதீர்கள்.

குளோர்ஹெக்சிடினோ, போவிடோன் அயோடின் என்ற இன்னொரு கிருமிநாசினியோ முன்பு ஒவ்வாமை தந்திருந்தால் மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நகத்தில் பூஞ்சைத் தொற்று, விரல் இடுக்கில் வெடிப்பு, நகக்கண்ணில் சீழ் ஆகியவை இருந்தாலும் மறைக்க வேண்டாம். அவற்றை முதலில் குணப்படுத்துவதற்காக அறுவையைத் தள்ளிவைக்கும் முடிவைக்கூட அவர் எடுக்கக்கூடும்.