தண்ணீர் கைக்கு எட்டுகிறதா? பராமரிப்பு இல்லம் பற்றி வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்கு வயது 71. பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டன. அடுத்த வாரம் மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். பயிற்சி கொடுக்கும் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இரண்டு மூன்று மாதம் வைக்க நினைக்கிறோம். இரண்டு இடங்களைப் பார்த்தோம். ஒன்று பளபளவென்று இருக்கிறது, இன்னொன்று பழைய கட்டடம். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: கட்டடத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். என் அப்பாவைச் சேர்த்த இல்லத்திலும் தரை கண்ணாடி மாதிரிதான் இருந்தது. மூன்றாம் நாள் போனபோது அவருடைய உதடு வெடித்து, நாக்கு வறண்டிருந்தது. மேசையில் ஜக் நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது. ஆனால் மேசை இருந்தது அவருடைய இடது பக்கம், அதாவது விழுந்துபோன பக்கம். உடலின் இடது பக்கத்தை இயக்குவது மூளையின் வலது பாதி. அது பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே உறைக்காது. தெரபிஸ்ட் பயிற்சிக்காகச் சில பொருட்களை அந்தப் பக்கம் வைப்பதுண்டு. ஆனால் தாகத்துக்குக் குடிக்கும் தண்ணீரை வைத்து அந்தப் பயிற்சியைச் செய்யக் கூடாது. மேசையை வலது பக்கம் நகர்த்தினேன். அன்று மாலைக்குள் இரண்டு டம்ளர் குடித்தார். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்தப் படுக்கையில் படுத்திருப்பவருக்கு எது எட்டும் என்று யாருமே யோசிக்கவில்லை.

அதனால் இரண்டு இடங்களுக்கும் இன்னொரு முறை போங்கள். சொல்லாமல் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, சாப்பாட்டு நேரமாக இருந்தால் ரொம்ப நல்லது. சிரித்துப் பேசி நடமாடுகிறவர்களைப் பார்த்து எடைபோட வேண்டாம். வாய் திறந்து எதையும் கேட்க முடியாத ஒருவரைத் தேடிப் பாருங்கள். அவருடைய நகம், உதடு, உட்கார்ந்திருக்கும் விதம் எல்லாவற்றையும் கவனியுங்கள். சக்கர நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து, கால் பலகையில் படாமல் தொங்கிக்கொண்டிருந்தால் வெகுநேரமாக யாரும் அந்தப் பக்கம் வரவில்லை என்று அர்த்தம். உணவு ஊட்டும்போது நிமிர்த்தி உட்காரவைத்திருக்கிறார்களா, ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும். அவசரமாக ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். அம்மாவுக்கு விழுங்கும் திறனைப் பரிசோதித்தார்களா என்று மருத்துவமனையிலும் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

யாராவது அழைப்பு மணியை அடித்தால், எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

அப்புறம், பயிற்சி விஷயம். 'தினமும் பிசியோதெரபி உண்டு' என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். தனியாகவா, பத்துப் பேரைச் சேர்த்து உட்காரவைத்தா? எத்தனை நிமிடம்? விடுமுறை நாளில்? தகுதி பெற்ற தெரபிஸ்ட் நேரில் செய்கிறாரா, உதவியாளரிடம் விட்டுவிடுகிறாரா? இதையெல்லாம் விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: முன்னேற்றத்தை எதை வைத்து அளக்கிறீர்கள்? 1965 முதல் பார்தெல் அட்டவணை என்று ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. சாப்பிடுவது, குளிப்பது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என 10 வேலைகள், மொத்தம் 100 மதிப்பெண். இதுவோ இதுபோல வேறொன்றோ, சேர்த்த முதல் வாரத்திலேயே எடுத்து உங்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும். 'நல்லா இம்ப்ரூவ் ஆகுறாங்க' என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

தெரபிஸ்ட் போன பிறகு மிச்சமிருக்கும் 23 மணி நேரத்தில்தான் பயிற்சி நிலைப்பதும் வீணாவதும். காலையில் நாற்காலிக்கு மாறக் கற்றுக்கொண்ட அம்மாவை, மதியம் நேரமில்லை என்று இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வைத்துவிட்டால் என்ன பயன்? சட்டைப் பொத்தானை அவரே போட ஐந்து நிமிடம் காத்திருக்கும் உதவியாளர் இருக்கும் இல்லம், பழைய கட்டடமாக இருந்தாலும் நல்ல இல்லம். அதற்கு ஆள் போதுமான அளவு வேண்டும். எனவே இரவு 2 மணிக்கு எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை உதவியாளர்கள் இருப்பார்கள், பயிற்சி பெற்ற நர்ஸ் அங்கேயே இருப்பாரா, கூப்பிட்டால்தான் வருவாரா என்று கேளுங்கள். உதவியாளர்களிடம் 'எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?' என்று விசாரியுங்கள். எல்லோரும் போன மாதம்தான் சேர்ந்தவர்கள் என்றால் யோசிக்க வேண்டும்.

கேள்வி: அப்பா இரண்டு மாதமாக ஓர் இல்லத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். குதிகாலில் சிவப்பாகத் தெரிகிறது. 'வயசானவங்களுக்கு அப்படித்தான்' என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. இன்றே கவனியுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் பரவாயில்லை. வெளுக்கவே இல்லை என்றால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. நம் தோலின் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாமலும் போகும். அடுத்த குதிகாலோடு ஒப்பிட்டு, சூடாகவோ கெட்டியாகவோ கருத்தோ இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று பாருங்கள். இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம். கெண்டைக்கால் முழுக்கத் தாங்கும்படி தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் இருக்க வேண்டும்.

புரட்டிப் படுக்கவைத்த நேரத்தை எழுதும் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டு மணிக்கொரு முறை என்பது பரவலாக இருக்கும் வழக்கம். சிலருக்கு இன்னும் அடிக்கடி தேவைப்படும். நீங்கள் 3 மணிக்குப் போகும்போது 4 மணிக்கும் 6 மணிக்கும் கையெழுத்து விழுந்திருந்தால் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை. தேதியோடு படம் எடுத்துக்கொண்டு பொறுப்பு நர்ஸிடம் போய், 'இதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். மருத்துவரும் பார்த்தாக வேண்டும். கேட்டால் அப்பாவிடம் கோபத்தைக் காட்டுவார்களோ என்று பயந்து பல பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. யாரும் வந்து கேட்காத நோயாளிக்குத்தான் கவனிப்பு குறைகிறது.

கேள்வி: மறதி நோயுள்ள பாட்டி இல்லத்தில் சேர்ந்த புதிதில் ஓயாமல் பேசுவார். இப்போது எப்போது போனாலும் தூங்குகிறார். ஏன்?

பதில்: மருந்துப் பட்டியலைக் கேளுங்கள். நிலைகொள்ளாமல் தவிக்கும் மறதி நோயாளிகளுக்கு மனநோய் மருந்து கொடுத்து அடக்கிவைப்பது பல நாடுகளில் இருக்கும் பழக்கம். இத்தகைய மருந்துகளால் மறதி நோயுள்ள முதியவர்களுக்கு உயிரிழப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. யார் எழுதியது, எதற்காக, எத்தனை நாளுக்கு? தொடங்கும் முன் வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார்களா? நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். தூக்கம் ஓரிரு நாளில் திடீரென்று வந்தது என்றால் தொற்றாகவும் இருக்கலாம், அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மாதக் கட்டணத்துக்குள் எது வராது என்பதைத்தான். டயப்பர், மருந்து, பிசியோதெரபி, இரவுத் துணை எல்லாம் பெரும்பாலும் தனிக் கணக்கில் வரும். நோயாளி மருத்துவமனைக்குப் போன நாட்களுக்கும் கட்டணமா? பாதியில் கிளம்பினால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும்? பெயரை மறைத்து, வேறொரு நோயாளியின் போன மாத பில்லைக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் எடுத்துக் காட்டும் இடத்தில் மேற்கொண்டு பேசலாம்.