ஆறு மணி ஆனால் என்ன செய்வது? மறுவாழ்வு முடிந்து வீடு திரும்பியவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். குடி, போதை மறுவாழ்வு மையத்தில் முப்பது நாளோ தொண்ணூறு நாளோ இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாயிற்று, இனி என்ன என்பதுதான். மையத்துக்குள் குடிக்காமல் இருந்ததில் பாதிப் பெருமை கேட் பூட்டுக்குச் சேரும். சேலம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும்போது எந்தப் பூட்டும் இல்லை. ஊர், தொழில் போன்ற அடையாளங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன்.

கணவர் தறி ஓட்டுகிறார். மையத்திலிருந்து வந்து இருபது நாள் ஆகிறது. தினமும் வந்ததும் வாயை மோந்து பார்க்கிறேன். அவருக்குக் கோபம் வருகிறது. பதினோரு வருஷம் ஏமாந்தவள், எப்படி சார் நம்புவது? (அம்மாப்பேட்டை வாசகி)

உடனே நம்பு என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாதும்மா, அவர் உட்பட. ஆனால் மோந்து பார்ப்பதை விட்டுவிடுங்கள். அதனால் பலன் இல்லை. பாக்கு, ஏலக்காய், ஹால்ஸ் என்று மறைக்கிற வழி அவருக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். குடிக்காமல் வந்த நாளிலும் மோந்து பார்த்தால், 'குடிச்சாலும் இதேதான், குடிக்காட்டியும் இதேதான்' என்ற எண்ணம் அவருக்கு வரும். குடிக்கிறவருக்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

பதிலாக இரண்டு பேரும் உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்யுங்கள். குடியை நிறுத்த டாக்டர் தந்த மாத்திரையைக் காலையில் உங்கள் முன்னால் போட வேண்டும், மறுபரிசோதனைக்கு நீங்களும் கூட வருவீர்கள். அவர் ஒப்புக்கொண்டு நடக்கிற சோதனை வேறு, நீங்கள் வேவு பார்ப்பது வேறு.

இன்னொன்று. அவர் வீட்டுக்கு வருகிற நேரமே மாறியிருக்குமே? இதேபோல் ஒரு நெசவாளரின் மனைவி என்னிடம் சொன்னது: "முன்னெல்லாம் ஒம்பது மணிக்குத் தள்ளாடிட்டு வருவாருங்க. இப்போ ஆறு மணிக்கே வந்து உக்காந்துக்கறாரு. ரிமோட் பசங்க கையில. யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருக்குது." அந்த மனிதருக்கும் தன் வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. ஆறிலிருந்து ஒன்பது வரை மூன்று மணி நேரத்தை முன்பு டாஸ்மாக் நிரப்பியது, இப்போது அது காலி. பிள்ளையை டியூஷனில் விடுவது, தண்ணீர் பிடிப்பது, மாவு மில்லுக்குப் போவது என எதுவானாலும் சரி, 'இது அப்பா வேலை' என்று ஒன்றை அந்த நேரத்தில் வையுங்கள். அவர் அதைச் சொதப்புவார். வாங்கிப் பிடுங்கி நீங்களே செய்துவிடாதீர்கள்.

மகன் மாத்திரை போட மாட்டேன் என்கிறான். குடியை நிறுத்தும் பொடி ஒன்றை சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கலாம் என்கிறார்கள். ருசி தெரியாதாம். செய்யலாமா? (ஒரு தாய், ஆத்தூர்)

வேண்டாம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உயிர் போகும்.

இப்படி விற்கிற பொடியில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதில் டைசல்ஃபிராம் (குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் ஒரு மருந்து) இருந்தால் நடப்பது இதுதான். நாம் குடிக்கிற சாராயத்தை ஈரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக்கி, பிறகு அதையும் உடைத்துவிடும். இரண்டாவது வேலையை இந்த மருந்து தடுக்கிறது. நச்சு ரத்தத்தில் தேங்கிவிடும். முகம் சிவந்து, தலை தெறிக்கிற மாதிரி வலித்து, வாந்தி, படபடப்பு, நெஞ்சு இறுக்கம் என்று வந்து ரத்த அழுத்தம் சரிந்துவிடும். 1940களில் டென்மார்க்கில் ஜென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் என்ற இருவர் இதைக் குடற்புழு மருந்தாகச் சோதித்தபோது தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு கொஞ்சம் மது உள்ளே போனதும் உடம்பு படுத்திய பாட்டில்தான் இதன் குணமே தெரியவந்தது. அவர்களுக்கு மருந்தை விழுங்கியதாவது தெரியும். உங்கள் மகனுக்குத் தெரியாது. தெரியாதவன் ஒரு குவார்ட்டர் அடிப்பான், உடம்பு ஒரு மாதிரி வந்தால் 'சரக்கு சரியில்லை' என்று இன்னொன்று வாங்குவான். இதய நோய் உள்ளவருக்கு அந்த இரண்டாவதே கடைசியாகிவிடலாம்.

தெரிந்து, சம்மதித்துப் போடுகிறவருக்கு இது நல்ல மருந்து. அவரும் கவனிக்க வேண்டியது உண்டு. நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும், 'நேத்தே நிறுத்திட்டேன், இன்னிக்கு குடிக்கலாம்' என்ற கணக்கு செல்லாது. சில இருமல் மருந்துகள், வாய் கொப்பளிக்கும் திரவங்கள், தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள், ஹோமியோ சொட்டு மருந்துகள் எல்லாவற்றிலும் ஆல்கஹால் உண்டு. எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரை போடுவதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மகன் மறுப்பது ஒரு மாத்திரையைத்தான் என்றால் வேறு மருந்துகள் இருக்கின்றன. நால்ட்ரெக்ஸோன் குடியின் கிக்கைக் குறைக்கும், அகாம்ப்ரோசேட் வேட்கையைத் தணிக்கும். குடித்தாலும் இவை டைசல்ஃபிராம் மாதிரி ஆளை வீழ்த்தாது. எது பொருந்தும் என்பதை அவனுடைய ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகளைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். குடி, போதையால் வரும் மனநிலைகளும் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்துக்குள்தான் வருகின்றன. சம்மதம் கேட்பது அவனுக்கு நாம் காட்டும் சலுகை இல்லை, அவன் உரிமை. அவன் வராவிட்டால் முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள். பெரும்பாலான வீடுகளில் கதை அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

குடியை விட்டு ஒன்றரை மாதம். தூக்கமே இல்லை. மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கலாமா?

வாங்காதீர்கள். ஒரு அடிமைத்தனத்தை விற்று இன்னொன்றை வாங்கிய கதையாகும். விட்ட பிறகு தூக்கம் சீராகச் சில மாதங்கள்கூட ஆகலாம், மூளை பழைய தாளத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. நான்கு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம் (பேக்கரி டீ இல்லாமல் சேலத்துக்காரருக்குச் சாயங்காலம் ஏது, தெரியும், இருந்தாலும்). பகலில் படுக்காதீர்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுகிற நேரம் ஒன்றாக இருக்கட்டும். இனிப்பு மீது ஆசை வருகிறதா? சர்க்கரை நோய் இல்லையென்றால் இப்போதைக்குச் சாப்பிடுங்கள், தப்பில்லை.

வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. சனிக்கிழமை கூலி வாங்கினதும் செட்டாக 'கட்டிங்' போடப் போவோம். இப்போது நான் மட்டும் விலகினால் கிண்டல் செய்கிறார்கள். வேலையையே மாற்றிவிடட்டுமா? (சிவதாபுரம்)

கைத்தொழிலை விடாதீர்கள் தம்பி, சனிக்கிழமையை மாற்றுங்கள். முதலாளியிடம் கேட்டு உங்கள் கூலியை மட்டும் திங்கள் காலையில் வாங்க முடியுமா பாருங்கள், அல்லது மனைவி கணக்குக்கு ஜிபே போடச் சொல்லுங்கள். கையில் காசில்லாத சனிக்கிழமை பாதி ஆபத்தில்லாத சனிக்கிழமை. செட்டிடம் திருந்திவிட்டேன் என்று பேசப் போகாதீர்கள், அது அவர்களைக் குற்றம் சொல்கிற மாதிரி கேட்கும். 'மாத்திரை ஓடுதுப்பா' என்றால் போதும். நம் ஊரில் கொள்கையோடு சண்டை போடுவார்கள், மாத்திரையோடு போட மாட்டார்கள். வேட்கை அலை மாதிரிதான், பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணி பட்டறை வாசலில் நிற்காமல் இருந்தால் சரி.

ஏற்காட்டில் எஸ்டேட் வேலை. மார்கழிக் குளிரில் காப்பிப் பழம் பறிக்கிறோம். லைன் வீட்டில் எல்லாரும் குளிருக்குக் கொஞ்சம் பிராந்தி போடுகிறார்கள். மருந்து மாதிரி ஒரு மூடி மட்டும்?

பிராந்தி உடம்பைச் சூடாக்குவதில்லை. தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது, உள்ளிருக்கும் சூடு தோலுக்கு வந்து வெளியேறுகிறது. முகத்தில் கதகதப்பு தெரியும், உள்ளே உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கும். 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் இது நஷ்டக் கணக்கு. மலையில் மிளகுக்கா பஞ்சம், நாலு தட்டிச் சுக்குக் காபியில் போடுங்கள். கம்பளி, காலுறை, தலைக்கு மப்ளர். அந்த 'ஒரு மூடி' விஷயம் உங்களுக்கே தெரியும், அதனால்தானே கேட்கிறீர்கள். பரிசோதனைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவது ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். கூடுதல் நாட்களுக்கு மாத்திரை தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மனசு தத்தளிக்கிற ராத்திரியில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடலாம். இலவசம், தமிழில் பேசுவார்கள்.

118 நாள் தொடவில்லை. நண்பனின் அப்பா கருமாதியில் இரண்டு குவார்ட்டர் ஆகிவிட்டது. கோயிலில் கட்டிய கயிற்றை நானே அறுத்துவிட்டேன். எல்லாம் போச்சு. மறுபடி மையத்தில் சேர வேண்டுமா? (சூரமங்கலம்)

போனது ஒரு நாள். 118 நாளில் உங்கள் ஈரல் தேறியதும், வீட்டில் நீங்கள் சாப்பிட்ட 118 ராத்திரிச் சாப்பாடும் எங்கும் போகவில்லை. ஆபத்து அந்த இரண்டு குவார்ட்டரைவிட 'எல்லாம் போச்சு' என்பதில்தான் அதிகம். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதைத்தான் விளக்கினார். விரதம் முறிந்துவிட்டது என்று நினைத்தவுடன் குற்ற உணர்ச்சி வரும், அதை ஆற்ற மறுபடி குடி வரும். கயிறு கட்டுவதை நான் தடுப்பதில்லை, பலரை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அறுந்த கயிற்றோடு வெட்கப்பட்டு ஒளிகிறவர்களைத்தான் ஆறு மாதம் கழித்து மஞ்சள் கண்ணோடு பார்க்கிறேன். இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு கருமாதிக்கு முந்தைய இருபத்து நான்கு மணி நேரத்தை எழுதுங்கள்: பசியா, யாரோடாவது மனஸ்தாபமா, மாத்திரை எப்போது நின்றது? காரணம் அங்கே இருக்கும்.

ஒரு நாளோடு நின்றிருந்தால் சேர வேண்டியதில்லை. ஐந்தாறு நாளாகத் தொடர்ந்து குடிக்கிறீர்கள் என்றால் கதை வேறு. வீட்டிலேயே திடீரென்று நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அடுத்த ஓரிரு நாளில் இல்லாத உருவங்கள் தெரிந்து புத்தி தடுமாறலாம். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தம்பிக்கு 23 வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தான். போன வாரம்தான் மையத்திலிருந்து வந்தான். நன்றாகத்தான் இருக்கிறான், எதைக் கவனிக்க வேண்டும்? (கொண்டலாம்பட்டி)

மையத்திலிருந்து வந்த முதல் சில வாரங்கள்தான் உயிருக்கு அதிக ஆபத்தான காலம். உடம்பின் தாங்குசக்தி இறங்கியிருக்கும். முன்பு போட்ட அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். இதை அவனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், சொன்னால் ஆசை வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். எழுப்பினால் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்தால் உடனே 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், என்ன போட்டான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அதை முறிக்கும் மருந்து இருக்கிறது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளும் அவசியம். ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகும், அரசுத் திட்டத்தில் இலவசம்.

குலதெய்வம் முனியப்பன். கெடா வெட்டில் பிராந்தியும் சுருட்டும் படைப்போம். மூத்த மகன் ஒரு மடக்காவது குடிக்க வேண்டும் என்கிறார் அப்பா.

முனியப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார், பங்காளிகள்தான் கோபிப்பார்கள். இந்த வருஷம் காலையில் பொங்கல் வைக்கும்போது போய்க் கும்பிட்டுவிட்டு, பந்திக்கு முன் கிளம்பிவிடுங்கள். படைத்த பாட்டிலை யார் எடுத்துப்போவது என்பதை முந்தின நாளே அப்பாவிடம் பேசிவிடுங்கள்.

ஐந்து வருஷமாக நான்தான் வீட்டுக் கணக்கு பார்க்கிறேன். இப்போது ஏடிஎம் கார்டைக் கொடு என்கிறார். கொடுக்கவில்லை என்றால் 'நான் இன்னும் குடிகாரனா' என்று கேட்கிறார். (அஸ்தம்பட்டி)

கார்டு இப்போது வேண்டாம். ஆனால் கணக்கு நோட்டை அவர் முன்னால் திறந்து வையுங்கள். சீட்டு எவ்வளவு, நகைக்கடன் எவ்வளவு, மளிகைக் கடையில் பாக்கி எவ்வளவு என்பதைப் பலர் மையத்திலிருந்து வந்த பிறகுதான் முதல்முறை பார்க்கிறார்கள். பார்த்ததும் முகம் தொங்கிப்போகும், அன்றைக்கு மட்டும் குத்திக்காட்டாதீர்கள். முதலில் கரண்ட் பில் அவர் பொறுப்பு, பிறகு பால், பிறகு மளிகை. ஆறு மாதம் கழித்துக் கார்டைப் பற்றிப் பேசலாம். ஐந்து வருஷம் ஒற்றை ஆளாக ஓட்டிய வண்டியின் ஹேண்டில்பாரை விடுவது உங்களுக்கும் கஷ்டம்தான், அதையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

நான் வழக்கமாகச் சாப்பிடும் தட்டுவடை செட் கடை, டாஸ்மாக்குக்கு அடுத்த வாசல். சாப்பிட மட்டும் போகலாமா?

வேறு கடைக்குப் போங்கள். சேலத்தில் தட்டுவடை செட்டுக்கா பஞ்சம்?