விழப்போகிற பல்லுக்கு எதற்கு வேர் சிகிச்சை?

கேள்வி: என் மகளுக்கு ஆறரை வயது. கீழ் வரிசையில் வலது பக்கக் கடைசிப் பால் பல்லில் சொத்தை. பத்து நாளாக இரவில் எழுந்து அழுகிறாள். பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டும் என்கிறார். 'பால் பல்தானே, எப்படியும் விழுந்து முளைக்கப்போகிறது, பிடுங்கிவிட்டால் வேலை முடிந்தது' என்கிறார் என் மாமியார். எது சரி? மகனுக்கு 13 வயது. முன்பற்களில் பழுப்புக் கறை இருக்கிறது, பல் வரிசையும் சரியில்லை. கிளிப் போட வேண்டும் என்று கேட்கிறான். கறைக்குக் காரணம் ஃப்ளூரைடு என்றார்கள். அதனால் இருவருக்கும் ஃப்ளூரைடு இல்லாத பேஸ்ட்தான் வாங்குகிறேன். நான் செய்வது சரியா? — ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: முதலில் மகளின் பல். இரவில் எழுந்து அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி பதில் அந்த வரியிலேயே இருக்கிறது. இனிப்பு பட்டால் மட்டும் சுருக்கென்று வந்து உடனே போகிற வலி என்றால் சொத்தை அநேகமாக இன்னும் உள்ளே போயிருக்காது. சுரண்டி எடுத்துவிட்டு அடைத்தால் போதும். எதுவும் சாப்பிடாமல், படுத்திருக்கும்போது தானாகக் கிளம்புகிற வலி அப்படியல்ல. பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற சதைவரை கிருமி போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். இனி வெறுமனே அடைப்பதில் பயனில்லை. உள்ளே சுத்தம் செய்து பல்லைக் காப்பாற்ற வேண்டும், இல்லையென்றால் எடுக்க வேண்டும்.

உங்கள் மாமியார் கேட்கிற கேள்வியை என் கிளினிக்கில் வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். பால் பல் விழத்தான் போகிறது, அதில் தவறில்லை. எப்போது விழும் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் ஆடத் தொடங்கிவிடும். நீங்கள் சொல்கிற கடைசிப் பால் பல் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியது. அதாவது உங்கள் மகளுக்கு இந்தப் பல் இன்னும் நாலைந்து வருடம் வேண்டும். அவள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை அந்தப் பக்கம் மெல்ல வேண்டுமே!

மெல்லுவதைவிடப் பெரிய வேலை ஒன்றும் அந்தப் பல்லுக்கு இருக்கிறது. அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இன்று சாயங்காலம் மகளை மடியில் தலை வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு கீழ் வரிசையின் நடுக்கோட்டிலிருந்து பின்னால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போங்கள். பால் பல் ஒரு பக்கத்துக்கு ஐந்துதான். ஐந்தாவதுதான் இப்போது சொத்தையாகியிருப்பது. அதற்கும் பின்னால் ஆறாவதாக ஒரு பெரிய பல் முழுதாகவோ, ஈறைக் கிழித்துக்கொண்டு பாதியாகவோ தெரிகிறதா? அது பால் பல் இல்லை. ஆறு வயதை ஒட்டி எந்தப் பல்லும் விழாமலேயே பின்னால் முளைக்கிற நிலைப்பல் அது. வாழ்நாள் முழுக்க அந்த ஒன்றுதான். விழுந்தால் திரும்ப முளைக்காது.

இந்த ஆறாவது பல் முளைக்கும்போதே முன்பக்கம் நகரப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்தி வைத்திருப்பது ஐந்தாவது பால் பல்தான். அதை இப்போது பிடுங்கிவிட்டு அப்படியே விட்டால் பின்னால் இருப்பது மெல்ல முன்னால் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு 11 வயதில் கீழிருந்து வர வேண்டிய நிலைப்பல்லுக்கு வழி இருக்காது. ஈறுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், அல்லது வரிசையை விட்டு நாக்குப் பக்கம் முளைக்கும். இன்று மகனுக்குக் கிளிப் போடலாமா என்று கேட்கிறீர்கள். ஐந்து வருடம் கழித்து அதே கேள்வியை மகளுக்காகவும் கேட்க வேண்டி வரலாம்.

ஆறாவது பல்லைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. எட்டு வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா அழைத்து வந்திருந்தார். 'கடைசியில் ஒரு பால் பல் உடைந்துபோச்சு டாக்டர், எடுத்துடுங்க' என்றார். கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அது ஆறாவது பல். முளைத்து இரண்டே வருடத்தில் மேல் பகுதி முழுவதும் அரித்து, ஓரச் சுவர்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. அது நிலைப்பல் என்று நான் சொன்னதும் அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவேயில்லை. வீட்டில் யாரும் அலட்சியமாக இருந்துவிடவில்லை. எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் வந்த பல் என்பதால் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் மகளுக்கு ஆறாவது பற்கள் நான்கும் முழுதாக வெளியே வந்ததும், மேலே உள்ள பள்ளங்களை சீலன்ட் என்கிற பூச்சால் மூடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஊசி கிடையாது, பல்லைக் குடைவதும் கிடையாது. ஒரு பல்லுக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

சரி, வேர் சிகிச்சையில் என்னதான் செய்வார்கள்? ஈறில் மரத்துப்போகிற ஜெல் தடவி, பிறகு ஊசி போட்டு, உள்ளே அழுகிய சதையை எடுத்துக் கழுவி, மருந்தை நிரப்புவார்கள். பெரியவர்களுக்கு வைக்கிற மருந்தும் இதுவும் வேறு. நிலைப்பல் கீழிருந்து மேலே வரும்போது பால் பல்லின் வேர் கரைய வேண்டும். அதனால் வேரோடு சேர்ந்து கரைகிற மருந்தைத்தான் பால் பல்லுக்கு வைப்பார்கள். மேலே போடுவது வெள்ளி நிறத்தில் இருக்கும் எஃகு கேப். அளவுவாரியாகத் தயாராகவே கிடைக்கும், விலையும் குறைவு. நேரம் வரும்போது பல்லோடு சேர்ந்து கேப்பும் விழுந்துவிடும். கேப் வேண்டாம், அடைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வேர் சிகிச்சை செய்த பால் கடைவாய்ப் பல் எளிதில் உடைந்துவிடும். நான் கேப் இல்லாமல் விடுவதில்லை. சிகிச்சை முடிந்தபின் இரண்டு மூன்று மணி நேரம் உதடும் கன்னமும் மரத்திருக்கும். அதுவரை சாப்பிடக் கொடுக்காதீர்கள். வேடிக்கையாக இருக்கிறதென்று குழந்தைகள் கன்னத்தைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

எடுத்தே ஆக வேண்டிய நிலையும் உண்டு. எக்ஸ்ரேயில் வேர் பெருமளவு கரைந்திருந்தாலோ, வேர்களுக்கு நடுவே எலும்பு அரித்திருந்தாலோ, சீழ் திரும்பத் திரும்ப வந்தாலோ பல்லைப் பிடித்து வைத்திருப்பதில் அர்த்தமில்லை. அடியில் வளர்கிற நிலைப்பல்லையே அந்தச் சீழ் கெடுத்துவிடக்கூடும். அப்போது எடுத்துவிட்டு, காலி இடம் மூடாமல் இருக்கப் பின்பல்லில் மாட்டுகிற கம்பி வளையம் ஒன்றைப் போடச் சொல்ல வேண்டும். அதனால் டாக்டரிடம் போய், 'வேர் எப்படி இருக்கிறது? எடுத்தால் இடத்தை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?' என்று இரண்டு கேள்வி கேளுங்கள். அவரே எக்ஸ்ரேயைக் காட்டி விளக்குவார். செலவு கவலையாக இருந்தால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டுங்கள். சேலத்தில் உள்ள பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கன்னமோ தாடையோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டால் அன்றைக்கே, அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும், மருத்துவமனைக்குப் போங்கள். இவை எதுவும் இல்லையென்றால், சிகிச்சை நடக்கும்வரை வலிக்கு எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் சிரப் போதும். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைக்காதீர்கள், குழந்தையின் ஈறு வெந்துவிடும். மாத்திரையைப் பல்லின் மேல் வைத்து அழுத்துவதும் அப்படித்தான்.

'சேட்டை பண்ணினா டாக்டர் ஊசி போட்டுடுவார்' என்று வீட்டில் யாராவது சொல்கிறார்களா? தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தால் நாற்காலியில் உட்காரவே மறுக்கிற குழந்தைகளை எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அண்ணனுக்குப் பல் சுத்தம் செய்கிற அன்று அவளையும் கூட்டிப்போங்கள். அவன் படுத்திருப்பதையும் தண்ணீர் பீய்ச்சுவதையும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அடுத்த தடவை அவளே ஏறி உட்காருவாள். 'வலிக்கவே வலிக்காது' என்று பொய்யும் சொல்ல வேண்டாம். 'கொஞ்சம் சுருக்குனு இருக்கும், அப்புறம் மரத்துடும்' என்று உண்மையையே சொல்லுங்கள். குழந்தைகள் அதைத் தாங்கிக்கொள்வார்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். இரவு என்ன குடித்துவிட்டுப் படுக்கிறாள்? பல் தேய்த்தபின் சர்க்கரை போட்ட பால் என்றால் தேய்த்தது வீண். தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும், சர்க்கரை பல்லிலேயே தங்கும். வரிசையை மாற்றினால் போதும்: முதலில் பால், பிறகு பிரஷ், அப்புறம் தண்ணீர் மட்டும். பகலிலும் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு தடவையும் வாயில் உருவாகும் அமிலம் தணிய அரை மணி நேரம் போல ஆகும். ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நாள் முழுக்கக் கொறிப்பதைவிட மதியச் சாப்பாட்டோடு ஒரு லட்டு சாப்பிடுவது பல்லுக்கு எவ்வளவோ மேல்.

இனி ஃப்ளூரைடு. உங்கள் மாவட்டத்தில் இந்தப் பயம் வருவது இயல்பு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறையிலிருந்து கரைந்து வருகிற ஃப்ளூரைடு பல ஊர்களின் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-இல் காவிரித் தண்ணீர் கிடைக்கத் தொடங்கியது. உங்கள் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது வீட்டில் போர் தண்ணீர் குடித்திருந்தால் கறைக்குக் காரணம் அநேகமாக அதுதான். முன்பற்களின் மேற்பூச்சு தாடைக்குள் உருவாவது முதல் மூன்று நாலு வயதுக்குள். கறை விழுந்ததும் அப்போதே. இப்போது பேஸ்ட்டை மாற்றுவதால் அந்தக் கறை குறையவும் குறையாது, கூடவும் கூடாது.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 1000 பிபிஎம் பேஸ்ட்டை (ஒரு கிராமில் 1 மில்லிகிராம் ஃப்ளூரைடு என்று அர்த்தம்) பட்டாணி அளவு, அதாவது கால் கிராம் எடுத்தால் அதில் ஃப்ளூரைடு சுமார் 0.25 மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதியைத் துப்பிவிடுகிறோம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள கிணற்றுத் தண்ணீரை ஒரு லிட்டர் குடித்தால் 3 மில்லிகிராமும் வயிற்றுக்குள் போகிறது. பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. இப்போது குடிப்பது காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா என்று பாருங்கள். போர் என்றால் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதிக்கலாம். கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். ஆர்ஓ இயந்திரம் பெருமளவு நீக்கும்.

பேஸ்ட்டில் உள்ள ஃப்ளூரைடுதான் சொத்தையைத் தடுக்கிறது. ஏற்கெனவே சொத்தை விழுந்திருக்கிற பெண்ணுக்கு அது கட்டாயம் வேண்டும். அவளுக்குப் பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஓர் அரிசி அளவு. தேய்த்ததும் நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விடுவது நல்லது. எட்டு வயது வரைக்கும் இரவில் நீங்களே தேய்த்துவிடுங்கள். கடைசிப் பல்வரை அவளாகத் தேய்ப்பதற்கு இன்னும் கை பழகியிருக்காது.

மகனுக்கு வருகிறேன். அந்தக் கறை அழுக்கு இல்லை. சாம்பல், கரித்தூள், எலுமிச்சையும் உப்பும் என்று யார் எதைச் சொன்னாலும் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். கறை போகாது, பல்தான் தேய்ந்து கூசும். வகுப்பில் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை என்று ஆசிரியரிடம் திட்டு வாங்கியவர்களும் இருக்கிறார்கள். இது அவன் தப்பு இல்லை, சின்ன வயதில் குடித்த தண்ணீரால் வந்தது என்பதை அவனிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

கிளிப்புக்கு 13 நல்ல வயது. பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். சிலருக்கு இடம் உண்டாக்க ஒன்றிரண்டு பல்லை எடுக்க வேண்டியிருக்கும். முதலில் சொத்தை இருந்தால் அடைத்து, ஈறைச் சுத்தம் செய்து, அவன் தினம் இரண்டு வேளை ஒழுங்காகத் தேய்க்கிறானா என்று இரண்டு மாதம் பார்ப்பார்கள். ஏனென்றால் கிளிப்பைச் சுற்றி அழுக்கு சேர்ந்தால் கழற்றும்போது வெள்ளைத் திட்டுகள் தெரியும். கறை படிந்த பல்லில் கிளிப் சில சமயம் பெயர்ந்து வரும், அதை முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கழற்றிய பிறகும், பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கிற ரிட்டெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். கறைக்கான வேலை கடைசியில். லேசான கறையை மேலாக மெருகேற்றியே குறைக்கலாம். ஆழமாக இருந்தால் பல் நிறத்தில் பூச்சு வைப்பார்கள். பல்லைச் சீவி ஓடு ஒட்டுகிற சிகிச்சைக்கு இந்த வயதில் சம்மதிக்காதீர்கள், வளர்ச்சி முடியட்டும்.

டாக்டரிடம் போகும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள், ஆனால் பேச்சை அவனிடம் விடுங்கள். கறைதான் அவனுக்கு உறுத்துகிறதா, வரிசையா என்று அவன் வாயால் வரட்டும். இரண்டு வருடம் கம்பியோடு இருக்கப்போவது அவன்தான்.