ஸ்டோரேஜ் அலேர்ட்: எதற்கு ஆளை எழுப்ப வேண்டும்?

உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்யும் தம்பி: அண்ணா, எங்களிடம் சர்வர்களை ஸ்டோரேஜோடு (எல்லா சர்வருக்கும் பொதுவான டிஸ்க் பெட்டி) இணைக்கும் இரண்டு ஃபைபர் சானல் சுவிட்ச். எந்த சர்வரை ரீபூட் செய்தாலும் போர்ட் டவுன் என்று எஸ்எம்எஸ் வருகிறது. நிறுத்திவிடவா?

முழுதாக நிறுத்த வேண்டாம் தம்பி. சர்வர் போர்ட் இறங்கி உடனே ஏறினால் லாக்கில் கிடக்கட்டும், பத்து நிமிடமாகியும் ஏறாவிட்டால்தான் எஸ்எம்எஸ். ஆனால் ஸ்டோரேஜ் பக்கத்துப் போர்ட் இறங்கினால் நடுச்சாமமானாலும் உடனே தெரிய வேண்டும், ஏனென்றால் எல்லா சர்வரும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

உவர்மலையில் இருந்து ஒரு தங்கச்சி: மல்டிபாத் (சர்வரில் இருந்து ஸ்டோரேஜுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாதை) இருக்கிறதே அண்ணா, ஒரு பாதை போனாலும் வேலை நடக்கும். பிறகு ஏன் அலேர்ட்?

வேலை நடப்பதால்தான் தங்கச்சி! நடக்காவிட்டால் அலேர்ட்டே தேவையில்லை, ஆட்களே போன் எடுத்துச் சொல்லிவிடுவார்கள். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் ஒரு பக்கத்துப் பாதை செத்து மூன்று கிழமையாக எவரும் கவனிக்கவில்லை, மற்றப் பக்கத்து சுவிட்சை ஃபர்ம்வேர் அப்டேட்டுக்காக ரீபூட் செய்தோம், அந்த நிமிடமே அத்தனை சர்வரும் டிஸ்க்கைத் தொலைத்து நின்றன. அன்றிலிருந்து எனக்கு மாற்று வழி குறைந்தாலே அது அலேர்ட்தான். பல டிஸ்க்கைச் சேர்த்து டேட்டாவைக் காக்கும் ரெய்ட் 6 இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும், அதற்காக முதல் டிஸ்க் போனதைச் சொல்லாமல் விடுவதா? கன்ட்ரோலர் கேஷ் பேட்டரியும் (டிஸ்க்குக்குப் போகுமுன் டேட்டா தங்கும் கேஷை கரண்ட் போனாலும் காக்கும் பேட்டரி) அப்படித்தான். அது பழுதானால் பல கன்ட்ரோலர்கள் தாமாகவே ரைட்-த்ரூவுக்கு (கேஷில் தேக்காமல் நேரே டிஸ்க்கில் எழுதும் முறை) மாறிவிடும், டேட்டா போகாது, ஆனால் எல்லாம் மெதுவாகிவிடும், காரணம் மட்டும் விளங்காது.

கிண்ணியாவில் இருந்து: சிஆர்சி பிழை (வழியில் டேட்டா சிதைந்ததைக் காட்டுவது) எத்தனை வந்தால் அலேர்ட் போடலாம்?

மொத்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், கூடும் வேகத்தைப் பாருங்கள். ஆறு மாதத்தில் 40 என்றால் விடலாம். ஒரு மணி நேரத்தில் 40 என்றால் கேபிள் முனையைத் துடைத்துப் பாருங்கள், அப்புறம் எஸ்எஃப்பியை (சுவிட்சில் கேபிள் செருகும் சிறு மொட்யூல்) மாற்றிப் பாருங்கள். இதற்கு ஒரு டிக்கெட் போதும், யாரையும் நித்திரையில் எழுப்பத் தேவையில்லை.

நிலாவெளியில் இருந்து ஓர் ஐயா: மாரியில் கரண்ட் போனால் ஒரேயடியாக நூற்றுக்கணக்கில் அலேர்ட் வருகிறது.

அலேர்ட் வரிசையில் யூபிஎஸ்ஸை மேலே வையுங்கள் ஐயா. யூபிஎஸ் பேட்டரிக்கு மாறியது என்ற ஒரு செய்தி போதும், அதற்குக் கீழே உள்ளவற்றை அந்த நேரத்துக்கு அடக்கி வைக்கலாம். வெப்பநிலையை மட்டும் அடக்காதீர்கள், ஏசி பெரும்பாலும் யூபிஎஸ்ஸில் இருப்பதில்லை, ஜெனரேட்டர் எடுக்கச் சுணங்கினால் அறை சீக்கிரமே கொதித்துவிடும்.

சீனன்குடாவில் இருந்து: தின் பூல் (உள்ளதைவிடக் கூடிய இடத்தை சர்வர்களுக்குக் காட்டும் பொது டிஸ்க் இடம்) எத்தனை வீதம் நிரம்பினால் அலேர்ட்?

80 வீதத்தில் மெயில், 90 வீதத்தில் எஸ்எம்எஸ். பூல் நிரம்பினால் சர்வரில் இடம் காட்டினாலும் எழுத முடியாது.

மறுபடி உப்புவெளித் தம்பி: எஸ்என்எம்பி ட்ராப் (பிரச்சினை வந்தால் கருவி தானாக அனுப்பும் செய்தி) மட்டும் வைத்தால் போதுமா?

போதாது. ட்ராப் பொதுவாக யுடிபி 162 போர்ட்டில், கிடைத்ததா என்று கேட்காத முறையில் போகிறது, வழியில் தொலைந்தால் அனுப்பிய சுவிட்சுக்கே தெரியாது. அதனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களும் சுவிட்சின் நிலையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று, உங்கள் கண்காணிப்பு சர்வரின் டிஸ்க் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். அதே ஸ்டோரேஜில் இருந்தால், அது விழும் நாளில் உங்களுக்கு ஒரு எஸ்எம்எஸ் கூட வராது.