டொலமைட் போட்டும் தேயிலை மண் ஏன் நடுநிலைக்கு வருவதில்லை?

அமிலமும் மூலமும் சேர்ந்தால் உப்பும் நீரும் வரும், பி.எச். (புளிப்பை அளக்கும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) 7 ஆகும் என்று சாதாரண தரத்தில் படித்தோம். எங்கள் தோட்டத்தில் மூட்டை மூட்டையாக டொலமைட் (மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் கல்தூள்) போட்டும் மண் அமிலமாகவே இருக்கிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், அதை 7க்குக் கொண்டுவர தோட்டத்தில் யாருக்கும் ஆசையில்லை. தேயிலை புளிப்பு மண்ணில் செழிக்கிற செடி. பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்கு நல்லது. 4.5க்குக் கீழே இறங்கும்போதுதான் கவ்வாத்துச் சமயம் (செடியை வெட்டிவிடும் காலம்) பார்த்து டொலமைட் மலைக்கு ஏறுகிறது. 4.5க்கும் 7க்கும் வித்தியாசம் வெறும் இரண்டரை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், ஐதரசன் அயன் செறிவில் அது முந்நூறு மடங்குக்கு மேல்.

சரி, விரும்பினாலும் 7 சுலபமாக வராது. பள்ளிக்கூடத்து முகவையில் இருக்கும் ஐதரோக்குளோரிக் அமிலம் முழுவதும் கரைசலில்தான் இருக்கிறது. சோடியம் ஐதரொட்சைட்டைச் சரியான அளவு விட்டால் கணக்கு முடிந்துவிடும். (அங்கேயும் 7 என்பது வலிய அமிலத்துக்கும் வலிய மூலத்துக்கும் மட்டும்தான். வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலத்தை அதே சோடியம் ஐதரொட்சைட்டால் சரியாக நடுநிலையாக்கினால் பி.எச். 7ஐத் தாண்டி நிற்கும். இதைப் பாடத்திலேயே அழுத்திச் சொல்லியிருக்கலாம்.) மண்ணில் அப்படியில்லை. களித்துகள்களும் உக்கலும் (உக்கிப்போன இலைதழை) ஐதரசன் அயன்களையும், நீரோடு சேர்ந்து அமிலம் தரும் அலுமினியம் அயன்களையும் பிடித்து வைத்திருக்கின்றன. ஈரத்தில் கரைந்திருப்பதை டொலமைட் தீர்த்தால், துகள்களில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். பி.எச். மானி காட்டுவது கரைந்திருப்பதை மட்டுமே.

போதாததற்கு நாமும் அமிலம் சேர்த்துக்கொண்டே இருக்கிறோம். அமோனியம் சல்பேற்றுப் பசளையில் உள்ள அமோனியத்தை மண்ணின் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக்கும்போது, ஓர் அமோனியம் அயனுக்கு இரண்டு ஐதரசன் அயன்கள் வெளிவரும். மலைநாட்டு மழை கல்சியத்தையும் மகனீசியத்தையும் கழுவிக்கொண்டு போவது வேறு.

டொலமைட் என்பது கல்சியமும் மகனீசியமும் சேர்ந்த காபனேற்று. அமிலம் பட்டால் நீரும் காபனீரொட்சைட்டும் உண்டாகும், இரண்டு உலோக அயன்களும் மண்ணில் தங்கும். கொஞ்சத் தூளை எடுத்து வினாகிரி விட்டுப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் தூள் போலச் சட்டென்று பொங்காது, மெதுவாகத்தான் குமிழி விடும். தேயிலைக்கு அந்த மெதுவே வசதி. நீற்றின சுண்ணாம்பைக் கொட்டினால் பி.எச். ஒரேயடியாக ஏறிவிடும். மகனீசியம் இலையின் பச்சையத்துக்கும் வேண்டும்.

அப்புறம், டொலமைட்டையும் அமோனியம் பசளையையும் ஒன்றாகக் கலந்து தூவ வேண்டாம். இங்கே அமோனியம்தான் அமிலம், காபனேற்று மூலம். இரண்டும் சேர்ந்தால் அமோனியா வாயு கிளம்பும். மூக்கைத் துளைக்கிற அந்த மணத்தோடு, காசு கொடுத்து வாங்கிய நைதரசனும் காற்றில் போய்விடும். இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள் விடச் சொல்வது இதனால்தான்.