உடம்புக்காக நீந்த வர்றவங்க கேட்ட கேள்விகள், என் பதில்கள்

கேள்வி அனுப்பின எல்லாருக்கும் வணக்கம். பெரியவங்களுக்கு நீச்சல் சொல்லிக்குடுக்கிறதுதான் என் வேலை. டிக்கெட் எடுத்து ஒரு மணி நேர பேட்ச்சுல நீந்துற சென்னை குளங்களை மனசுல வச்சுதான் எழுதுறேன், மத்த ஊர்க்காரங்க உங்க குளத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: அக்கா, நான் ஈரோடு பக்கம் கிணத்துல நீச்சல் கத்துக்கிட்டவன். சின்ன வயசுல மோட்டார் ரூம் மேல இருந்து குதிச்சு மணிக்கணக்கா தண்ணியிலயே கிடப்போம். இப்ப வயசு 38, வேளச்சேரி குளத்துல சேர்ந்திருக்கேன், பாதி தூரம் போறதுக்குள்ள நெஞ்சு அடைக்குது. சிகரெட் கிடையாது, தினமும் வாக்கிங் போறேன். ஸ்டாமினா போயிருச்சா?

பதில்: முதல்ல ஒண்ணு பாருங்க தம்பி, நெஞ்சு அடைக்குதுன்னா மூச்சு வாங்குறதா, இல்ல நெஞ்சு மேல பாரம் வச்ச மாதிரி அழுத்தி, தோள், தாடைன்னு வலி பரவுதா? ரெண்டாவதுன்னா நீச்சலை நிறுத்திட்டு இன்னிக்கே டாக்டரைப் பாருங்க. வெறும் மூச்சு வாங்குறதுன்னா பயப்படாதீங்க, உங்களுக்கு ஸ்டாமினா எங்கயும் போகல.

வேளச்சேரி குளம் 1995 சாஃப் கேம்ஸுக்காக, அதாவது தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக கட்டினது, முழுசா 50 மீட்டர். கிணத்துல அவ்ளோ தூரம் நேரா போக இடமே இல்ல, நாலு கை வீசினா எதிர் சுவரு வந்துரும், படியைப் புடிச்சுக்கலாம். அங்க நீங்க கத்துக்கிட்டது மிதக்கிறது, முங்குறது, ஆழத்துக்கு பயப்படாம இருக்கிறது, அது பெரிய விஷயம், பாதி பேருக்கு அதுக்கே மாசக்கணக்காகும். ஆனா கிணத்து நீச்சல்ல தலை எப்பவும் தண்ணிக்கு மேலதான். உடம்பு தராசு மாதிரி, ஒரு பக்கம் தலை ஏறினா மறுபக்கம் இடுப்பும் காலும் இறங்கும், இறங்கின காலை இழுத்துக்கிட்டே போறதுலதான் உங்க சக்தி மொத்தமும் போகுது. அதனால முகத்தை தண்ணிக்குள்ள வைங்க, பார்வை நேரா கீழ தரையில இருக்கட்டும், மூச்சுக்கு தலையைத் தூக்காம பக்கவாட்டுல திருப்புங்க, ஒரு கண்ணு தண்ணிக்குள்ள இருந்தாலே வாய் வெளிய வந்துரும்.

அடுத்தது மூச்சு. நிறைய பேர் முகத்தை உள்ள வச்சதும் மூச்சை அடக்கிக்கிறாங்க, வெளிய வந்ததும் அந்த அரை செகண்ட்ல விடவும் இழுக்கவும் பார்க்கிறாங்க, ரெண்டும் முடியாது. உள்ள தேங்குற கார்பன் டை ஆக்சைடுதான் அந்த முட்டுற உணர்ச்சியைக் குடுக்குது, பெரும்பாலும் ஆக்சிஜன் பத்தாம இல்ல. முகம் தண்ணிக்குள்ள இருக்கிற நேரம் பூரா மூக்கு வழியா குமிழி விட்டுக்கிட்டே இருங்க, வெளிய வந்தா இழுக்கிறது மட்டும்தான் வேலை. ஆழம் கம்மியான பக்கம் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு இதை மட்டும் ஒரு வாரம் பண்ணுங்க, போரடிச்சாலும் பண்ணுங்க.

அப்புறம் வேகத்தைக் குறைங்க. தண்ணியில வேகம் ரெட்டிப்பானா எதிர்ப்பு நாலு மடங்காகும். 1994ல நம்ம தமிழ்நாட்டு நீச்சல் வீரர் குற்றாலீஸ்வரன் 12 வயசுல இங்கிலீஷ் கால்வாயைக் கடந்து, அந்த ஒரே வருஷத்துல இந்த மாதிரி ஆறு கடல் நீரிணைகளை நீந்தினாரே, அந்த தூரமெல்லாம் முழு வேகத்துல அடிச்சு யாராலயும் போக முடியாது. உங்களுக்கு ரொம்ப மெதுவான்னு தோணுற வேகம்தான் சரியான வேகம். பாதி தூரம் போங்க, லேன் (நீந்துற தடம்) பிரிக்கிற கயித்தைப் புடிச்சு மூச்சு சமமாகுற வரைக்கும் நில்லுங்க, அப்புறம் மீதி பாதி.

கேள்வி: வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை லேப் அடிக்கணும் மேடம்? ஒரு கணக்கு சொன்னா அதையே ஃபாலோ பண்ணிக்கிறேன்.

பதில்: லேப், அதாவது குளத்தோட ஒரு நீளம், அந்தக் கணக்கை இப்ப விடுங்க சார், நேரத்தைப் பாருங்க. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷத்துல இருந்து 300 நிமிஷம் வரைக்கும் மிதமான உடற்பயிற்சி சொல்லுது. வாரம் மூணு பேட்ச் போய், நடுவுல நின்ன நேரம் போக அரை மணி நீந்தினா 90 நிமிஷம், மீதிக்கு நடங்க. மூணு நாளும் தொடர்ச்சியா வேணாம், ஒருநாள் விட்டு ஒருநாள் போனா தோளுக்கு ஓய்வு கிடைக்கும். ஆரம்பத்துல 25 மீட்டர் நீந்தி நிக்கிறது, இப்படி எட்டு பத்து தடவை போதும். ஓய்வு நேரம் தானா குறைஞ்சுக்கிட்டே வரும், அப்ப 50 மீட்டர் ஆக்குங்க. சுவத்துல நிக்கும்போது பக்கத்துல இருக்கிறவர்கிட்ட முழு வாக்கியமா பேச முடிஞ்சா அளவு சரி, வார்த்தை வார்த்தையா வந்தா குறைக்கணும். வாட்ச்சுல ஹார்ட் ரேட் பார்த்து ஓட்டத்தோட ஒப்பிடாதீங்க, தண்ணியில துடிப்பு கொஞ்சம் கம்மியாவே காட்டும்.

கேள்வி: தொப்பை குறையுமா?

பதில்: தொப்பையை மட்டும் தனியா எந்தப் பயிற்சியும் குறைக்காது. நீந்தினா சக்தி நல்லாவே செலவாகும், ஆனா குளத்துல இருந்து வந்ததும் பசி வயித்தைக் கிள்ளும், குளிர்ந்த தண்ணின்னா இன்னும் அதிகம். வாசல்ல இருக்கிற கடையில ரெண்டு வடை, ஒரு டீன்னு முடிச்சா கணக்கு சமமாயிரும். ஒரு வாழைப்பழம் கையில வச்சுக்கோங்க, வீட்டுக்குப் போய் நிதானமா சாப்பிடுங்க.

கேள்வி: வயசு 56, ரெண்டு முட்டியும் தேய்மானம், டாக்டர் நீந்தச் சொல்லிட்டார். எனக்கு நீச்சலே தெரியாது, அந்த டிரெஸ் போட கூச்சமாவும் இருக்கு. இந்த வயசுல முடியுமாம்மா?

பதில்: கண்டிப்பா முடியும்மா. உங்க வயசுக்கு மேல உள்ளவங்க நல்லா கத்துக்கிட்டு நீந்துறதை என் கண்ணால பார்க்கிறேன், இதை ஆறுதலுக்கு சொல்லல. இடுப்பளவு தண்ணியில நின்னாலே உடம்பு எடையில ஏறக்குறைய பாதிதான் காலுக்கு இறங்கும், கழுத்தளவுக்குப் போனா பத்துல ஒரு பங்குதான். அதனால நீந்தத் தெரியறதுக்கு முன்னாடியே தண்ணிக்குள்ள நடக்கலாம், முன்னால, பின்னால, பக்கவாட்டுல, அதுவே முட்டிக்கு நல்ல வேலை. ஆழம் எங்க ஆரம்பிக்குதுன்னு கோச்கிட்ட கேட்டு அந்தக் கோட்டைத் தாண்டாதீங்க. நீச்சல் கத்துக்கும்போது கையை மாத்தி மாத்தி வீசிப் போற ஃப்ரீஸ்டைல்ல ஆரம்பிங்க. தவளை நீச்சல் பார்க்க சுலபமா இருக்கும், ஆனா அந்த உதை முட்டியோட உள்பக்கத்தை இழுக்கும், உங்களுக்கு அது வேணாம்.

டிரெஸ்ஸுக்கு கவலையே வேணாம், முழுக்கை, கணுக்கால் வரைக்கும் மறைக்கிற நைலான் நீச்சல் உடை கடையில கிடைக்குது, நிறைய அம்மாக்கள் அதுதான் போடுறாங்க. காட்டன் சுடிதார், டி-ஷர்ட் மட்டும் கூடாது, தண்ணி குடிச்சு கனமாகி இழுக்கும், நூல் பிசிறு ஃபில்டரையும் அடைக்கும். லேடீஸ் பேட்ச் எந்த நேரம்னு முன்னாடியே போன் பண்ணி கேட்டுக்கோங்க. ஒண்ணு மட்டும், எலும்பு பலத்துக்கு நீச்சல் பெருசா உதவாது, ஏன்னா எலும்பு மேல எடை விழல. டாக்டர்கிட்ட கேட்டு முட்டிக்கு ஒத்துவர்ற வலுப்பயிற்சி ஏதாவது கூட சேர்த்துக்கோங்க.

கேள்வி: முடி கொட்டும்னு பயமா இருக்கு அக்கா. தலைக்கு தேங்காய் எண்ணெய் வச்சுட்டு இறங்கினா நல்லதுன்னு பாட்டி சொல்றாங்க.

பதில்: பாட்டி சொல்றது ஆத்துக்கு சரி, பொதுக் குளத்துக்கு சரிவராதும்மா. எண்ணெய் தண்ணி மேல படலமா நிக்கும், அத்தனை பேர் மேலயும் படும், குளோரினையும் வீணாக்கும். இறங்கறதுக்கு முன்னாடி ஷவர்ல நல்ல தண்ணியில முடியை நல்லா நனைச்சிருங்க, ஈரமான முடி குளத்துத் தண்ணியை அவ்ளோ உறிஞ்சாது. அதுக்கு மேல சிலிகான் கேப். வெளிய வந்ததும் உடனே அலசுங்க. குளோரின் முடியை வறட்டும், உடைய வைக்கும், வேரோட கொட்ட வைக்கிறது வேற விஷயம். எண்ணெய் ராத்திரி வீட்டுல வச்சுக்கோங்க.

கேள்வி: எங்க குளத்துல குளோரின் வாடை தாங்கல, கண்ணு சிவந்துருது. அதிகமா கொட்டுறாங்களா?

பதில்: இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு நான் ரொம்ப ஆசைப்படுறேன். அந்தக் குப்புன்னு அடிக்கிற வாடை சுத்தமான குளோரினோடது இல்ல. வேர்வை, சிறுநீர், உடம்பு அழுக்கு இதோட குளோரின் சேர்ந்து உண்டாகுற குளோரமைனோட வாடை அது, கண்ணு எரியுறதுக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். அதாவது வாடை அதிகம்னா தண்ணியில அழுக்கு அதிகம். குளிக்காம இறங்குறதும், டாய்லெட் போக சோம்பல்பட்டு உள்ளயே போறதும்தான் இதைப் பண்ணுது. ஒரு நிமிஷம் ஷவர்ல நின்னா போதும், அதுக்குக் கூட மனசு வராதவங்களைப் பார்த்தா எனக்கு உண்மையிலேயே கோவம் வருது, அதே தண்ணியிலதான் குழந்தைங்களும் நீந்துது. இறங்கறதுக்கு முன்னாடி ஆழமான பக்கம் தரையில இருக்கிற கோடும் வடிகால் மூடியும் தெளிவா தெரியுதான்னு பாருங்க, தெரியலன்னா இறங்காதீங்க, பொறுப்புல இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க. குளோரின் அளவும், தண்ணியோட அமில-காரத் தன்மையைக் காட்டுற பிஎச் அளவும் எழுதின போர்டு இருந்தா படிங்க, பிஎச் 7.2ல இருந்து 7.8க்குள்ள இருக்கணும்.

கேள்வி: ஒரே லேன்ல ஆறு பேர், முட்டிக்கிறோம், சண்டையே வருது.

பதில்: ஒரு லேனை ரெண்டு பாதியா நினைச்சுக்கோங்க, போறது ஒரு பக்கம், வர்றது இன்னொரு பக்கம், சுத்துப்பாதை மாதிரி. எந்தப் பக்கம்னு இறங்கறதுக்கு முன்னாடி அரை நிமிஷம் நின்னு பாருங்க, உள்ள இருக்கிறவங்க போற மாதிரியே போங்க. ஓய்வு எடுக்கிறவங்க சுவத்தோட மூலையில ஒதுங்கணும், நடுவுல நின்னா திரும்புறவங்களுக்கு தொட இடமிருக்காது. பின்னால வேகமா வர்றவர் உங்க பாதத்தை லேசா தொட்டா அடுத்த சுவத்துல வழி விடுங்க, அதை அவமானமா எடுத்துக்க வேணாம்.

கேள்வி: சுகர் மாத்திரை போடுறேன். காலையில வெறும் வயித்துல நீந்தலாமா?

பதில்: வேணாம் சார். இன்சுலினோ, சுகரை இறக்குற சில வகை மாத்திரையோ எடுத்தா நீந்தும்போது லோ சுகர் ஆகலாம். தரையில தலை சுத்தினா உக்காந்துக்கலாம், தண்ணியில அப்படி முடியாது. எந்த மாத்திரைன்னு டாக்டர்கிட்ட காட்டி கேட்டுட்டு ஆரம்பிங்க, முன்னாடி சுகர் பாருங்க, குளுக்கோஸ் பாக்கெட்டை கரையில கைக்கு எட்டுற இடத்துல வைங்க, லைஃப் கார்டுகிட்ட விஷயத்தைச் சொல்லி வைங்க. மறக்காம செருப்பு போட்டுக்கிட்டு படி வரைக்கும் போங்க, வெயில்ல கொதிக்கிற டைல்ஸ் பாதத்தைப் பொசுக்கினாலும் சிலருக்கு உணர்ச்சி தெரியாது.

கேள்வி: ஃப்ரெண்ட்ஸோட மூச்சடக்கி அடியிலயே ஒரு லேப் போற போட்டி வைக்கிறோம். வேகமா நாலஞ்சு தடவை மூச்சிழுத்துட்டு போனா நல்லா தாங்குது, இது நுரையீரலுக்கு நல்லதா?

பதில்: தம்பி, இதை இன்னியோட நிறுத்துங்க, கெஞ்சி கேட்டுக்கிறேன். வேகமா இழுத்து விடும்போது ஆக்சிஜன் பெருசா ஏறுறதில்ல, கார்பன் டை ஆக்சைடுதான் இறங்குது. மூச்சு முட்டுற எச்சரிக்கையைக் குடுக்கிறதே அதுதான். அது கம்மியானா எச்சரிக்கை வராது, ஆக்சிஜன் தீர்ந்து தண்ணிக்குள்ளயே மயக்கம் வரும், கத்தவோ கை ஆட்டவோ நேரமிருக்காது. நல்லா நீந்தத் தெரிஞ்ச இளம் பசங்கதான் இதுல சாகிறாங்க, மேல இருந்து பார்க்கிறவங்களுக்கு அவன் இன்னும் மூச்சடக்கிட்டு இருக்கான்னுதான் தோணும்.

கேள்வி: காதுல தண்ணி போய் அடைச்சுக்குது, பட்ஸ் போடலாமா? அப்புறம் காகிள்ஸ் பனி படியுது.

பதில்: பட்ஸ் வேணாம், உள்ள தோல் கீறி அதுலதான் தொற்று வருது. தலையைச் சாய்ச்சு காது மடலை லேசா இழுத்து விடுங்க, வெளிய இருக்கிறதை துண்டால துடைங்க. வலியோ சீழோ இருந்தாலும், செவிப்பறையில ஓட்டை இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தாலும் காது டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் இறங்கக் கூடாது. காகிள்ஸ் உள்பக்கத்தை விரலால தேய்க்காதீங்க, பூச்சு போயிரும், தண்ணியில அலசி நிழல்ல காய வைங்க.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழையில திறந்த குளத்துல நீந்தலாமா?

பதில்: வெறும் மழைன்னா நீந்தலாம். இடிச் சத்தம் கேட்டுட்டா, தூரமா கேட்டாலும், உடனே கரையேறி கட்டடத்துக்குள்ள போயிருங்க, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆன பிறகுதான் திரும்ப இறங்கணும். பேட்ச் முடிஞ்சு போச்சேன்னு காசுக்காக வாக்குவாதம் பண்ணாதீங்க, லைஃப் கார்டு விசில் அடிச்சா ஏறிருங்க.